வாய் மூடிய டிராகன் மீன்

"அதோட வாயைக் கொஞ்சம் திறந்துவிட்டுடுங்க" என்றார் அருங்காட்சியக இயக்குநர்.

பல் டாக்டர் நாற்காலியில் சாய்ந்திருக்கும் ஆளைப் பற்றிச் சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். கையில் காபிக் கோப்பை. கோப்பையின்மேல் என் அப்பா வரைந்த டிராகன் மீன், வாயை ஆவென்று பிளந்துகொண்டு. அந்தக் காபியை அவர் தலையில் கவிழ்த்திருக்க வேண்டும். கவிழ்க்கவில்லை. இன்றுவரை அந்த வருத்தம் எனக்கு இருக்கிறது.

"எதோட வாயை சார்?" என்றேன். தெரிந்துதான் கேட்டேன்.

"உங்க தங்கச்சி எடுத்த படம்மா. பிரமாதமான படம், அதுல ஒண்ணும் சொல்றதுக்கில்ல. ஆனா மீன் உம்முன்னு இருக்கு. பாக்க வர்றவங்களுக்கு ஒரு பயம் வர வேணாமா?"

"அது உம்முன்னுதான் சார் இருந்துச்சு."

"இருந்திருக்கலாம். ஆனா ஜனங்களுக்கு டிராகன் மீன்னா வாய்தானே? டிக்கெட்ல பாக்கறாங்க, வாசல்ல பாக்கறாங்க, இதோ கப்புல பாக்கறாங்க. உள்ள வந்தா வாயை மூடிக்கிட்டு ஒண்ணு தொங்குது. ஏமாந்துட மாட்டாங்களா? நீங்க கம்ப்யூட்டர்ல ரெண்டு தட்டு தட்டினா முடிஞ்சுது."

முடியாது என்றேன். அவர் என் கோபத்தைப் பார்த்துப் பழகியவர். காபியை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "ஐயாகிட்டயும் பேசிட்டேன். அவரும் அதுதான் சரின்னு சொல்லிட்டாரு" என்றார்.

ஐயா என்று அவர் சொன்னது என் அப்பாவை.

நான் வேலை பார்ப்பது ஒரு கடல் அருங்காட்சியகத்தின் படப் பிரிவில். ஆராய்ச்சிக் கப்பல்களிலிருந்து வரும் புகைப்படங்களைச் சுத்தம் செய்து, நிறம் சரிபார்த்து, அச்சுக்கு அனுப்புவது என் பாடு. அலுவலகத்தில் எனக்கு மிளகாய் என்று பெயர். அது எனக்குத் தெரியாது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சுத்தம் செய்வது என்றால் லேசான வேலை இல்லை. மீனை விட்டுப் படம் எடுக்கும் தொட்டித் தண்ணீரில் எப்போதும் ஏதாவது மிதக்கும். செதில் துணுக்கு, சளி, வலையிலிருந்து உதிர்ந்த நார். கேமரா வெளிச்சம் பட்டதும் எல்லாம் வெள்ளைப் புள்ளிகளாகப் படத்தில் விழுந்துவிடும். கறுப்புப் பின்னணியிலிருந்து அவற்றை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். இதில் ஒரு வம்பு இருக்கிறது. டிராகன் மீனின் வயிற்றோரம் வரிசையாகச் சின்னச் சின்ன விளக்குகள் உண்டு. அது தானே எரித்துக்கொள்ளும் விளக்குகள், குண்டூசித் தலையைவிடச் சிறியவை. படத்தில் அவையும் வெள்ளைப் புள்ளிகள்தான். எது தூசி, எது விளக்கு என்று தெரியாதவன் கை வைத்தால் மீனையே அணைத்துவிடுவான். புதிதாக வருகிறவர்கள் ஒரு தடவையாவது இந்தத் தப்பைச் செய்வார்கள், என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள்.

அதனால்தான் எங்கள் அறைக் கதவுக்கு மேலே ஒரு வரி ஒட்டியிருக்கிறது: தூசியைத் தொடலாம், மீனைத் தொடக்கூடாது.

அதை எழுதி ஒட்டியது அப்பா. எங்கள் பிரிவு ஓவியப் பிரிவாக இருந்த காலத்தில் அவர்தான் அங்கே தலைமை. துடுப்பு கிழிந்திருந்தால் கிழிந்ததாகவே வரை, கண் பிதுங்கியிருந்தால் பிதுங்கியதாகவே வரை, உன் ரசனையை வீட்டில் வைத்துவிட்டு வா என்பார். அவர் வரைந்த டிராகன் மீன்தான் அருங்காட்சியகத்தின் சின்னம். கத்தி கத்தியாகப் பற்கள், கழுத்து வரைக்கும் பிளந்த வாய். அது கதவில், பையில், குழந்தைகள் செருப்பில்கூட இருக்கிறது. நிஜத்தில் அந்த மீன் ஒரு பேனா நீளம்தான் என்று யாருக்கும் தெரியாது. எல்லோரும் அதைச் சுறா அளவுக்கு நினைத்துக்கொண்டு போகிறார்கள்.

இந்த ஆழ்கடல் பிராணிகளுக்கு மனிதர்கள் செய்திருக்கும் அநியாயம் கொஞ்சநஞ்சமில்லை. பழைய கடல் வரைபடங்களில் கண்டதற்கெல்லாம் கொம்பும் இறக்கையும் வைத்தார்கள். சரி, அவர்கள் பார்த்ததில்லை, போகட்டும். இப்போது என்ன கேடு? உலகத்திலேயே அசிங்கமானது என்று ஒரு மீனைப் போட்டுச் சிரிக்கிறார்களே, மூக்கு தொங்கி, கூழ்போல உட்கார்ந்திருக்குமே, அது தன் ஆழத்தில் பார்க்க ஒழுங்கான மீன். அங்கே தண்ணீர் அழுத்திப் பிடித்திருக்கும் உடம்பை மேலே இழுத்துப் போட்டதும் தொளதொளத்துச் செத்துப்போனது. செத்ததைப் படம் எடுத்துவிட்டு, ஐயோ எவ்வளவு அசிங்கம் என்று சிரிக்கிறார்கள். நம்மைப் பிணவறையில் படம் எடுத்து அழகுப் போட்டிக்கு அனுப்பினால் தெரியும்.

டிராகன் மீனின் வாயும் அப்படித்தான். வலை அடியாழத்திலிருந்து மேலே வர வெகுநேரம் ஆகும். மற்ற மீன்களோடு நசுங்கி, மேல்மட்டத்துச் சூடு தாங்காமல், மூச்சுக்குத் துடித்து, தாடை தொங்கிப்போய்ச் செத்து வரும். அப்படியே ஜாடியில் போட்டால் அப்படியே விறைத்துவிடும். ஜாடியைப் பார்த்து வரைகிறவர்கள் எல்லோரும் வாயைத் திறந்தே வரைந்தார்கள். இது மீனை உயிரோடு பார்க்காத எங்களைப் போன்றவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு.

என் தங்கை பார்த்தாள். கல்யாண வீடுகளிலும் பாஸ்போர்ட் கடையிலும் படம் எடுத்துக்கொண்டிருந்தவள், எப்படியோ முட்டி மோதி ஒரு கப்பலில் இடம் பிடித்தாள். போன நாளிலிருந்து வாந்தி. கேமராவை ஒரு கையிலும் வாளியை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டுதான் வேலை செய்தாளாம். ஒரு முறை வலையின் கடைசியில் கட்டியிருந்த மூடி போட்ட பெட்டியில், குளிர் குறையாத தண்ணீரோடு, ஒரு டிராகன் மீன் உயிரோடு வந்துவிட்டது. குளிர்ந்த தொட்டியில் விட்டு, விளக்கை அணைத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

அந்தப் படத்தை நான் முதலில் திறந்தபோது என் அறையில் யாரும் இல்லை. நல்லவேளை. எனக்குக் கோபம் வருமே தவிரக் கண்ணீர் வராது என்று ஒரு பெயர் இருக்கிறது, அது கெட்டுப்போயிருக்கும். மீன் கறுப்புத் தண்ணீரில் சாய்வாகத் தொங்கிக்கொண்டிருந்தது. வாய் இறுக மூடியிருந்தது. கண்ணாடிச் சில்லு போன்ற பற்கள் உதட்டுக்கு வெளியே இரண்டு பக்கமும் படிந்திருந்தன. தாடைக்குக் கீழே ஒரு மெல்லிய இழை, அதன் நுனியில் ஒரு பொட்டு வெளிச்சம். வயிற்றோரம் அந்த விளக்கு வரிசை முழுதாக இருந்தது. யாரையும் பயமுறுத்துகிற எண்ணமே இல்லாமல், பேருந்துக்கு நிற்கிற ஆள்போல, அதுபாட்டுக்குக் காத்துக்கொண்டிருந்தது.

அதைத்தான் வாயைத் திறக்கச் சொல்கிறார் இயக்குநர். புதிய ஆழ்கடல் கூடத்தில் சுவர் முழுக்க வரப்போகும் படம். கீழே என் தங்கையின் பெயர். அவள் பெயர் ஒரு சுவரில் ஏறுவது அதுதான் முதல் முறை. அந்தப் பெயருக்கு மேலே ஒரு பொய்யை மாட்டச் சொல்கிறார். அதற்கு என் அப்பா சரி என்றிருக்கிறார்.

வீட்டுக்குப் போனபோது அப்பா கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்துக்கொண்டிருந்தார். கூடத்தைத் திறந்துவைக்கப் போவது அவர்தான். சலவை செய்த சட்டை கதவில் தொங்கியது.

"இயக்குநர் உங்ககிட்ட பேசினாராமே?" என்றேன், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

"பேசினான். மரியாதை தெரிஞ்ச பையன்."

"சின்னவ படத்துல வாயைத் திறக்கச் சொல்றாரு. நீங்க சரின்னீங்களா?"

"சொன்னேன். வாயை மூடிட்டா அது மீன் மாதிரியா இருக்கு? கறுத்துப்போன வாழைப்பழத் தோல் மாதிரி இருக்கு."

"உயிரோட இருக்கறப்ப அது அப்படித்தான்பா இருக்கு."

"ஒரே ஒரு மீன். அதை வச்சுக்கிட்டு இத்தனை வருஷமா எல்லாரும் பாத்தது தப்புன்னு சொல்லிடுவாளா அவ?"

"எல்லாரும் பாத்தது ஜாடியில கிடந்த பொணத்தை!"

குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது. பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்தப்பட்டது. அப்பா கண்ணாடியிலிருந்து திரும்பவே இல்லை, கண்ணாடி வழியாகவே என்னை முறைத்தார்.

"உனக்கு வாய் ரொம்ப அதிகமாயிடுச்சுடி."

"ஆமா. எனக்கு அதிகம், மீனுக்குத்தான் பத்தலையாம். கதவுக்கு மேல எழுதி ஒட்டினீங்களே, அது ஊருக்கு மட்டும்தானா?"

அவர் சட்டையை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அம்மா இருந்தவரை இந்த வீட்டில் சண்டை என்றால் சாப்பாட்டு நேரத்தில் முடிந்துவிடும். இப்போது அவரவர் தட்டை அவரவர் எடுத்துக்கொண்டு போய்விடுகிறோம்.

வெளியூரில் இருக்கும் தங்கைக்குப் போன் போட்டுக் கொட்டித் தீர்த்தேன். அவள் முழுவதையும் கேட்டாள்.

"அக்கா, கத்தாத. காது வலிக்குது."

"நீ ஏன்டி கத்த மாட்டேங்கற? உன் படம்!"

"வேலைக்குச் சேர்றப்பவே படம் அவங்களுதுன்னு பேசித்தான் சேர்ந்தேன். திறக்கணும்னா திறந்துக்கட்டும். என் பேரை மட்டும் எடுத்துடச் சொல்லு."

"முதல் பேருடி."

"தெரியும். நான் அதுகிட்டயே உக்காந்திருந்தேன்கா. அது செத்துப்போற வரைக்கும் உக்காந்திருந்தேன். ஒரு தடவைகூட அது வாயைத் திறக்கல. ஒரு கொட்டாவியாவது விட்டிருந்தா, சரி தொலையட்டும்னு விட்டிருப்பேன்" என்றாள்.

மறுநாள் காலை நேரே இயக்குநர் அறைக்குப் போனேன். வாயைத் திறப்பதாக இருந்தால் பெயர் வேண்டாம் என்று தங்கை சொல்வதைச் சொன்னேன். அவர் பதறிப்போனார், ஆனால் தப்பான இடத்தில் பதறினார்.

"ஐயையோ, பேர் இல்லாம எப்படிம்மா? உழைப்பை மதிக்கணும்ல? பேர் போடறோம். பெருசாவே போடறோம். வேணும்னா ஐயா பேரு இருக்கற அதே அளவுக்குப் போடச் சொல்றேன்."

இவரிடம் எந்த மொழியில் பேசுவது? திரும்பி என் அறைக்கு வந்தேன். கதவுக்கு மேலே அந்த வரி. அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனை இல்லை. கோபத்தில் வருகிற யோசனை.

அப்பாவின் ஓவியம் எங்கள் கணினியில் இருக்கிறது. திறந்தேன். கீழ்த்தாடையைத் தனியாக வெட்டி எடுத்தேன். மேலே தூக்கிப் பொருத்தினேன். பற்களை உதட்டுக்கு வெளியே மடித்துவிட்டேன். இடைவெளியை அவருடைய வண்ணத்தாலேயே நிரப்பினேன். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. ஊரையே மிரட்டிக்கொண்டிருந்த மீன் சாதுவாக வாயை மூடிக்கொண்டது. சுத்தமாக, ஒட்டுப் போட்ட இடமே தெரியாமல் இருந்தது. இவ்வளவு சுலபமா என்று எனக்கே தோன்றியது.

அச்சு இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் தாள் வெளியே வந்ததும் விறைத்துப்போய் நின்றார்.

"இது ஐயா படமாச்சே. யாரு இப்படிப் பண்ணது?"

"நான்தான்."

"மிளகா..." என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, "மேடம், எனக்கு எதுவும் தெரியாது. நான் இன்னிக்கு லீவு" என்றார்.

சாயங்காலம் அந்தத் தாளை அப்பா முன்னால் மேஜைமேல் விரித்தேன். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டினார். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்தார். முகம் சிவந்துகொண்டே வந்தது.

"எவன் என் படத்துல கை வச்சான்?"

"நான்."

"யாரைக் கேட்டு வச்ச?"

"எதுக்குக் கேக்கணும்? பாக்க நல்லாத்தானே இருக்கு. ஜனங்களுக்கு ஒரு மாறுதலா இருக்கும். ரெண்டு தட்டு தட்டினேன், முடிஞ்சுது."

மேஜையை ஓங்கித் தட்டினார். தண்ணீர் டம்ளர் உருண்டு விழுந்தது. "நான் பாத்ததை நான் வரைஞ்சிருக்கேன்! அதை மாத்த நீ யாரு?"

"அதையேதான்பா அவளும் சொல்றா. அவ பாத்ததை அவ எடுத்திருக்கா. நீங்க ஜாடியைப் பாத்தீங்க, அவ மீனைப் பாத்தா. உங்க படத்தைத் தொட்டா மட்டும் எரியுது, இல்ல? சொந்தப் பொண்ணு படத்துல கை வைக்கச் சொல்றப்ப எங்க போச்சு இந்த எரிச்சல்?"

நான் இன்னும் என்னென்னவோ பேசினேன். எல்லாம் நியாயம், எல்லாம் அதிகம். அவர் தடுக்கவில்லை. கொட்டிய தண்ணீர் தாளை நனைத்துக்கொண்டு மீனின் வாலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்க நிறுத்தினபோது சொன்னார்.

"அதுல ஒரு குச்சி இருந்துச்சு."

"எதுல?"

"அந்த ஜாடி மீன் வாயில. பல்லு தெரியறதுக்காக எவனோ ஒரு குச்சியை முட்டுக் குடுத்து நிக்க வச்சிருந்தான். நான் குச்சியோடதான் வரைஞ்சேன். அப்ப இருந்த இயக்குநர் பாத்துட்டு, குச்சி அசிங்கமா இருக்கு, எடுத்துடுங்கன்னாரு. எடுத்துட்டேன்."

விழுந்த டம்ளரை எடுத்து நிமிர்த்தி வைத்தேன்.

"அதுக்கப்புறம்தான் கதவுல அந்த வரியை எழுதி ஒட்டினேன்" என்றார். "மத்தவங்களாவது ஒழுங்கா இருக்கட்டும்னு. குச்சி போச்சு, வாய் மட்டும் நின்னுடுச்சு. கப்பு, பை, செருப்புன்னு ஊரெல்லாம் போயிடுச்சு. எத்தனையோ தடவை கப்பல்ல என்னையும் அனுப்புங்கன்னு கேட்டேன். உயிரோட ஒண்ணைப் பாத்துட்டா திரும்ப வரைஞ்சிடலாம்னு. படம் போடறவருக்குக் கடல் எதுக்கு, ஜாடி இருக்கேன்னு சொல்லிட்டாங்க."

"அதுக்காக அவ மேல..."

"ஆமாடி, வயித்தெரிச்சல்தான்" என்றார் சட்டென்று. "என் பொண்ணு மேலயே எனக்கு வயித்தெரிச்சல். போதுமா? எழுதி ஒட்டு அதையும் கதவுல."

எழுந்து போய்த் துணி எடுத்துவந்து மேஜையைத் துடைத்தார். பிறகு இயக்குநருக்குப் போன் செய்தார். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். சின்னவள் படத்தை எடுத்தது எடுத்தபடியே மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் தான் வரப்போவதில்லை என்று சொன்னார். அந்தப் பக்கம் ஒரு வாதமும் இல்லை. "உங்க இஷ்டம் ஐயா, அப்படியே செஞ்சுடலாம் ஐயா" என்று குரல் தேனாக ஒழுகியது. அந்தத் தேனைக் கேட்டபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

திறப்பு விழாவுக்குத் தங்கை வந்தாள். அவள் கப்பல் ஏறியதிலிருந்தே அப்பாவும் அவளும் பேசிக்கொள்வதில்லை, அன்றும் பேசவில்லை. ஆனால் ஆட்டோவில் ஏறும்போது அவள் கேமராப் பையை அவர் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். எங்கள் வீட்டில் அதற்கு மேல் சமாதானம் கிடையாது.

கூடம் அருமையாக இருந்தது, பொய் சொல்லக்கூடாது. சுவரெல்லாம் கறுப்பு. கண்ணாடி உடம்புக் கணவாய், காது போன்ற துடுப்புள்ள ஆக்டோபஸ், தன்னைவிடப் பெரியதை விழுங்கும் விலாங்கு, நெற்றியில் தூண்டிலோடு ஒரு மீன், எல்லாம் என் கை வழியாகப் போன படங்கள். ஒரு பக்கச் சுவரில் அப்பாவின் பழைய ஓவியம், கீழே ஒட்டு எழுத்துகளில் அவர் பெயர். எதிர்ச்சுவரில் நீலத் திரை. திரைக்குக் கீழே, அதே அளவு எழுத்துகளில், தங்கையின் பெயர். அதைப் பார்த்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கை ஜில்லென்று இருந்தது.

அப்பா கயிற்றை இழுத்தார். திரை விலகியது.

வாய் திறந்திருந்தது.

குழந்தைகள் வீல் என்று கத்திக்கொண்டே சிரித்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். வேறு ஏதோ செத்த மீனின் தாடையைக் கொண்டுவந்து ஒட்டியிருந்தான் எவனோ. கழுத்து வரைக்கும் பிளந்து, அப்பாவின் ஓவியத்தில் இருப்பது போலவே. கோப்பையில் இருப்பது போலவே. எனக்குக் காதில் இரைச்சல். என் கண் பழக்கப்படி வயிற்றோரத்துக்குப் போனது. அங்கே ஒன்றுமே இல்லை. வெறும் கறுப்பு.

கூட்டத்தை இடித்துக்கொண்டு இயக்குநரிடம் போனேன்.

"விளக்கெல்லாம் எங்க சார்?"

"எந்த விளக்கும்மா? எல்லா லைட்டும் எரியுதே" என்று கூரையைப் பார்த்தார்.

"மீனோட விளக்கு! வயித்துல வரிசையா இருந்துச்சே, எங்க?"

"ஓ, அந்த வெள்ளைப் புள்ளியா? நிறைய தூசி இருக்குன்னு டிசைனர் எல்லாத்தையும் துடைச்சுட்டாரு. நீங்கதான் மாட்டேன்னுட்டீங்களே, அதான் வெளியில குடுத்தேன். மெதுவா பேசுங்கம்மா, பெரியவங்கல்லாம் இருக்காங்க."

நான் மெதுவாகப் பேசவில்லை. என் வாழ்க்கையில் கற்றுக்கொண்ட எல்லா வார்த்தைகளையும் அங்கே பயன்படுத்தினேன். ஐயாவிடம் சத்தியம் செய்ததுபோல் பேசிவிட்டு முதுகில் குத்தினீர்களே, வெட்கமாக இல்லையா என்றேன். தன் உடம்பிலேயே விளக்கு வைத்துக்கொண்டு இருட்டில் பிழைக்கிற பிராணியை, தூசி என்று துடைத்துவிட்டு, அதற்குப் பிணத்தின் வாயை ஒட்டியிருக்கிறீர்களே என்றேன். கைதட்டல் நின்றுபோனது. இயக்குநர் எல்லோரையும் பார்த்துச் சிரித்து, "கலைக் குடும்பம், கொஞ்சம் உணர்ச்சிவசப்படுவாங்க" என்றார்.

அப்போது சர்ரென்று ஒரு சத்தம் கேட்டது.

தங்கை சுவரோரம் குந்தி உட்கார்ந்திருந்தாள். தன் பெயரின் முதல் எழுத்தை நகத்தால் நெம்பி உரித்துக்கொண்டிருந்தாள். கத்தவில்லை, அழவில்லை. உரித்த எழுத்தை முழங்காலில் ஒட்டிக்கொண்டு அடுத்த எழுத்துக்குப் போனாள்.

"என்னம்மா இது? எல்லாரும் பாக்கறாங்க" என்று இயக்குநர் ஓடினார்.

"என் பேருதான் சார். நான் எடுத்துக்கறேன். படம் உங்களுது, நீங்க வச்சுக்கோங்க."

அப்பா படத்துக்கு முன்னால் கயிற்றைப் பிடித்தபடியே நின்றிருந்தார். திறந்த வாயை அவர் பார்க்கவில்லை. விரலை நீட்டி, மீனின் வயிற்றோரம் விளக்குகள் இருந்திருக்க வேண்டிய இடங்களை, ஒவ்வொன்றாக, சுவரைத் தொடாமல் எண்ணிக்கொண்டு போனார். அந்த வரிசை அவருக்கு மனப்பாடம். ஜாடியில் மங்கிக் கிடந்த காலத்திலும் ஒன்றைக்கூட விடாமல் வரைந்தவர் அவர். வால் வரைக்கும் எண்ணிவிட்டுக் கயிற்றைக் கீழே போட்டார்.

"மூடித்தானேம்மா இருந்துச்சு?" என்று கேட்டார். பல நாட்களுக்குப் பிறகு அவளிடம் நேராகப் பேசிய பேச்சு.

"கடைசி வரைக்கும்பா" என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

அவர் திரும்பி நடந்தார். கூட்டம் வழிவிட்டது. எதிர்ச்சுவருக்குப் போய், தன் ஓவியத்தின் கீழே, ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு மெதுவாகக் குனிந்தார். தன் பெயரின் முதல் எழுத்தைச் சுரண்ட ஆரம்பித்தார். ஒட்டு எழுத்து அசைந்து கொடுக்கவில்லை. மறுபடி சுரண்டினார்.

இயக்குநருக்கு இப்போதுதான் நிஜமாகவே வியர்த்தது. "ஐயா! ஐயா, நீங்க என்ன ஐயா பண்றீங்க?"

"தூசி தட்டறேன்பா" என்றார் அப்பா. "மீனைத் தொடல."

நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எனக்கு நகம் நீளம். அந்த எழுத்துக்கு அடியில் கொடுத்து இழுத்தேன்.